ஓடு பிரித்த வியாழக்கிழமை

என் வாழ்நாளில் ஒரே ஒரு வீட்டைத்தான் நான் இடிக்கப் பார்த்திருக்கிறேன். அது என் சொந்த வீடு. சொந்த வீடு என்பதும் பாதி உண்மைதான். பத்திரம் செட்டியாரிடம் அடமானத்தில் இருந்தது. யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை, நான் குடித்திருக்கவும் இல்லை. (குடித்திருந்தால் சாக்குச் சொல்லவாவது வழி இருந்திருக்கும்.) முழுத் தெளிவோடு, காலை ஆறு மணிக்கு, என் தலைக்கு மேலிருந்த கூரையை என் கையாலேயே பிரித்தேன்.

அது ஐம்பத்தேழாம் ஆண்டு. மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திரத்துக்கு, இன்னும் சில வாரங்களே இருந்தன. மலாக்காவில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. காப்பிக் கடையில் அதே பேச்சு, பாசாரில் அதே பேச்சு, முடிவெட்டப் போனால் கத்தி காதருகே நிற்கும்போதும் அதே பேச்சு. எனக்கு இருபத்தெட்டு வயது. பெயர் தனபால். காஜா பெராங்கில் ரேடியோக் கடை வைத்திருந்தேன். சுதந்திர அறிவிப்பைத் தன் வீட்டிலேயே கேட்க வேண்டும் என்று ஊரே துடித்தது. விற்க வேண்டும் என்று நான் அதைவிட அதிகமாகத் துடித்தேன். முன்பணம்கூட வாங்காமல் தவணைக்குக் கொடுத்தேன். பத்து பெரெண்டாம் கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்தவர்களுக்கெல்லாம் பின்னால் ஒரு ரேடியோவைக் கட்டி அனுப்பினேன்.

தவணை கேட்கப் போனால், "மெர்டேக்கா வரட்டும் தம்பி, மொத்தமா வாங்கிக்கலாம் லா" என்பார்கள். சுதந்திரம் வரும்போது வீட்டுக்கு வீடு மணியார்டரும் சேர்ந்து வரும் என்பதுபோல நானும் தலையாட்டிவிட்டு வருவேன். தெருத்தெருவாக என் ரேடியோக்கள் பாடின. சிங்கப்பூரில் எனக்குச் சரக்கு கொடுத்த கம்பெனி மட்டும் பாடவில்லை, வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது.

மஞ்சக் கடுதாசி கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. திவால் மனு போட்டேன். கடை போயிற்று. அதற்காக நான் அழவில்லை. வீட்டை நினைத்துத்தான் பயந்தேன். நானும் என் மனைவி பாக்கியமும் கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாக வாங்கிய வீடு. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். "கடை போனாப் போவட்டும். பிள்ளை இந்த வீட்லதான் பொறக்கணும்" என்றாள். அவள் அதிகம் பேசமாட்டாள். அதனாலேயே அந்த ஒரு பேச்சு என்னைத் தூங்க விடவில்லை.

கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவர் எனக்கு விஷயத்தை விளக்கினார். திவால் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து வீட்டைப் பார்ப்பாராம். செட்டியாரின் கடனைவிட வீடு அதிகம் பெறும் என்று தோன்றினால் அதை விற்று, செட்டியாருக்குக் கொடுத்ததுபோக மீதியை மற்ற கடன்காரர்களுக்குப் பங்கு போட்டுவிடுவார். பெறாது என்று தோன்றினால் கைகழுவிவிட்டுப் போய்விடுவார். அதன்பிறகு செட்டியாரைப் பிடித்து, தவணையைக் குறைத்து, கெடுவை நீட்டி வாங்கிக்கொண்டால் வீடு தப்பும்.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. அதிகாரி கண்ணுக்கு வீடு பாழாகத் தெரிய வேண்டும். செட்டியார் கண்ணுக்கு அரண்மனையாகத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் கெடு நீட்டித் தர அவருக்கு என்ன பைத்தியமா? அதிகாரி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். ஜாலான் பெண்டஹாராவில் செட்டியாரின் வட்டிக்கடைக்கு ஓடினேன். அவர் வெள்ளிக்கிழமை ஈப்போ போகிறார், திரும்ப ஒரு மாதமாகும் என்றார்கள். அதனால் என்ன? அதே வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வரும்படி சொல்லிவிட்டு வந்தேன். நடுவில் நான்கு மணி நேரம்! பாழை அரண்மனையாக்க எனக்கு அது ஏராளம்.

"வியாழக்கிழமை ரெண்டு மணிக்கா சொன்னீங்க? காலண்டரைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் பாக்கியம்.

"ரேடியோ விக்கிறவன்கிட்ட காலண்டர் பேசாதே" என்றேன். (எவ்வளவு கம்பீரம்! அந்தத் தனபாலை இன்று எங்காவது பார்த்தால் கன்னத்தில் ஒன்று கொடுப்பேன்.)

வியாழன் விடிந்தது. முன்கூடத்துக்கு மேலிருந்த ஓடுகளில் நாற்பத்தேழைப் பிரித்துக் கொல்லையில் அடுக்கினேன். சுவரெல்லாம் அடுப்புக்கரியைக் கரைத்துப் பூசினேன். நாற்காலிகளை ஒளித்தேன். சுண்ணாம்பு வாளியும் மட்டையும் மதியத்துக்குத் தயாராக மறைவில் காத்திருந்தன. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மாக் தீமாவிடம் ஓர் ஆட்டைக் கடன் வாங்கிக் கூடத்தின் நடுவில் கட்டினேன். கிழிந்த பனியனைப் போட்டுக்கொண்டு, பாக்கியத்திடம் ஒரு பழைய சேலையை நீட்டினேன். "என் வீட்ல நான் பிச்சைக்காரி வேஷம் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சரியாகப் பத்து மணிக்கு அதிகாரி வந்தார். சபாரத்தினம் என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். கையில் குடையும் தடித்த கோப்பும்.

"உதென்ன, கூரையில ஓட்டை?"

"ரெண்டு வருஷமா இப்படித்தான் ஐயா. மழை வந்தா நானும் சம்சாரமும் குடை பிடிச்சிக்கிட்டுத்தான் படுப்போம்" என்று குரலைத் தழுதழுக்க வைத்தேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். ஓட்டையின் சட்டங்கள் காய்ந்து மொரமொரவென்று இருந்தன. இரண்டு வருஷ மழையில் நனைந்த சட்டத்தில் ஒரு பாசியில்லை. அவர் ஒன்றும் எழுதவில்லை.

"ஆடு ஆரின்ட?"

"எங்க ஆடுதான் ஐயா. மனுசனும் ஆடும் ஒண்ணாத்தான் கெடக்கிறோம்."

உடனே கோப்பைத் திறந்தார். "ஆடு, ஒண்டு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

"அதை எதுக்கு ஐயா எழுதுறீங்க?"

"உம்மட சொத்தெல்லே? விக்க வேணும்."

மாக் தீமாவின் ஆடு என் கடனுக்கு ஏலம் போகிறது! சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் மூன்று சக்கரப் பெச்சாவின் மணி கிணுகிணுத்தது. எட்டிப் பார்த்தேன். நெற்றி நிறைய விபூதியோடு செட்டியார் இறங்கிக்கொண்டிருந்தார்!

எப்படி வாசலுக்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. "செட்டியாரய்யா, ரெண்டு மணிக்கில்ல..."

"ரெண்டு மணிக்கா? வியாழக்கிழமை ஒண்ணரையிலேருந்து மூணு வரைக்கும் ராகுகாலம்ப்பா! அந்த நேரத்துல அடமானம் பேச எவன் வருவான்? பய விவரம் தெரியாமச் சொல்லியிருக்கான்னுதான் நல்ல நேரத்துலயே வந்துட்டேன்." நிமிர்ந்து பார்த்தார். "கூரைக்கு என்னப்பா ஆச்சு?"

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. (யோசிக்காததுதான் அன்றைய தினத்தின் சிறப்பு.) "புது ஓடு போடுறேன் ஐயா! மெர்டேக்காவுக்கு வீட்டையே புதுசாக்குறேன்! சீமை ஓடு! செலவைப் பத்திக் கவலையே இல்ல!" என்று உற்சாகத்தில் முழங்கினேன். ரேடியோக்காரனின் குரல் உள்ளே போகாமல் இருக்குமா?

சபாரத்தினம் வாசலுக்கு வந்துவிட்டார். "சீமை ஓடோ? திவால் மனு போட்டவருக்கு எங்கால காசு? ஒளிச்சு வச்சிருந்தால் மறியல்தான், தெரியுமோ?" (அவர் ஊரில் மறியல் என்றால் சிறை.)

"காசே இல்ல ஐயா! இது இடிஞ்சு விழப்போற வீடு!" என்று அவர் பக்கம் திரும்பிக் கதறினேன்.

"இடிஞ்சு விழப்போகுதா? அப்ப என் பணம்?" என்றார் செட்டியார்.

"இல்ல ஐயா, நூறு வருஷம் நிக்கும்!"

"அப்ப நல்ல விலைக்குப் போகுமெண்டு எழுதட்டோ?" என்றார் சபாரத்தினம்.

மேசை விசிறி மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் எந்தப் பொய் என்பதே கலந்துவிட்டது. அதிகாரியிடம் தவணையைக் குறைக்கச் சொன்னேன். செட்டியாரிடம் ஆட்டை விட்டுவிடச் சொல்லிக் கும்பிட்டேன். இது போதாதென்று மழை வேறு கொட்டத் தொடங்கியது. மூவரும் உள்ளே ஓடினோம். நனையாத மூலை ஒன்றுதான் இருந்தது. அங்கே ஏற்கெனவே ஆடு நின்றது. அதோடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். ஓட்டை வழியாக ஊற்றிய தண்ணீர் சுவரில் வழிந்தது. நான் பூசிய கரி கரைந்து இறங்க, அடியில் பளீரென்று வெள்ளைச் சுவர் வெளிப்பட்டது. அதிகாரி சுவரைப் பார்த்தார். செட்டியார் என்னைப் பார்த்தார். நான் ஆட்டைப் பார்த்தேன்.

பின்னறைக் கதவு திறந்தது. "இப்படி உள்ள வாங்க ஐயா. இங்க நனையாது" என்றாள் பாக்கியம்.

உள்ளே தையல் மெஷினைச் சுற்றி, கட்டில், பெட்டி, ஜன்னல் என்று எங்கு பார்த்தாலும் மெர்டேக்காவுக்கான சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கொடிகள் குவிந்து கிடந்தன. அவள் இருவருக்கும் முக்காலி போட்டாள். பிறகு நின்றபடியே சொன்னாள்: "காலையில ஆறு மணிக்கு இவருதான் ஓட்டைப் பிரிச்சாரு. நாப்பத்தேழும் கொல்லையில இருக்கு, ஒண்ணுகூட ஒடையல. கரியும் இவரு பூசுனதுதான். ஆடு பக்கத்து வீட்டுது. ஏமாத்திச் சம்பாதிக்கணும்னு செய்யலீங்க. வீடு போயிருமோன்னு பயம். எனக்கும் அந்தப் பயந்தான்."

கடை மூடிய அன்று வராத வெட்கம் அப்போது வந்தது. இத்தனை பொய்யையும் நான் யாருக்காகச் சொன்னேனோ, அவள் என்னைக் காப்பாற்ற உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது.

சபாரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, உந்த ஓடெல்லாம் இருந்தாலும் இந்த வீடு செட்டியாரின்ட கடனுக்குக் காணாது. வெள்ளைக்காரங்கள் வீடுகளை வித்துப்போட்டு வெளிக்கிடுறாங்கள், இப்ப ஆர் வீடு வாங்கிறது? நான் கணக்குப் பாத்துப்போட்டுத்தான் வந்தனான். ஒருக்கா நேரில பாக்க வேணுமெண்டு விதி இருக்குது, அவ்வளவுதான்." ஆடு என்று எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார்.

அதாவது, நான் கூரையைத் தொட்டிருக்கவே வேண்டாம்! பேசாமல் பாயில் படுத்துக் கிடந்திருந்தாலே போதும்!

"அந்தக் கணக்கு எனக்கும் தெரியும்" என்றார் செட்டியார். "நான் என்ன வீட்டைப் பாக்கவா வந்தேன்? வித்தா எனக்குத்தான் நட்டம். கட்டுறதுக்கு ஆள் இருக்கான்னு பாக்க வந்தேன்." ஒரு கொடியை எடுத்துத் தையலை விரலால் இழுத்துப் பார்த்தார். "இது யாருக்கு ஆத்தா?"

"ரெண்டு பள்ளிக்கூடத்துக்கு, ஐயா. மெர்டேக்கா முடிஞ்சதும் பிள்ளைங்க சட்டையும் என்கிட்டயே குடுக்கிறதாச் சொல்லியிருக்காங்க."

செட்டியார் தையல் மெஷினைக் காட்டி அதிகாரியைப் பார்த்தார். "அது தொழில் சாமான். அதுவும் பிள்ளையின்ட. நாங்கள் தொட மாட்டம்" என்றார் சபாரத்தினம்.

அந்த முக்காலியிலேயே எல்லாம் முடிந்தது. தவணை பாதியானது. கெடு இரண்டு மடங்கானது. மாதாமாதம் பணத்தைப் பாக்கியம்தான் கொண்டுவந்து கட்ட வேண்டும், என் கையில் கொடுத்தனுப்பக் கூடாது என்றார் செட்டியார். நான் சந்தோஷத்தில் ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஈப்போ பயணத்தை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு, மறுநாள் நல்ல நேரம் பார்த்துப் புதுப் பத்திரம் எழுதினார். கடைசியில் தன் கையாலேயே ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்: "மேற்படி வீட்டின் கூரை மீது மேற்படி தனபால் ஏறவோ, ஓட்டைத் தொடவோ கூடாது." சபாரத்தினம் அதை இரண்டு முறை படித்துவிட்டு, சட்டத்துக்கு ஒவ்வும் என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் மகள் அந்த வீட்டிலேயே பிறந்தாள். பாக்கியம் கடைசிக் காசுவரை கட்டி முடித்துப் பத்திரத்தை வாங்கிவந்தும் எத்தனையோ வருஷங்களாகிவிட்டன. போன வாரம் பெய்த மழையில் என் கட்டிலுக்கு நேர் மேலே சொட்டியது. ஏணியை எடுக்கலாம் என்று கொல்லைப் பக்கம் இரண்டடி வைத்தேன்.

"அம்மா! அப்பா ஏணிகிட்ட போறாரு!" என்று மகள் கத்தினாள்.

"பத்திரத்தை எடு" என்றாள் பாக்கியம், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

பேத்தி அலமாரியிலிருந்து பத்திரத்தை எடுத்துவந்து, என் முன்னால் நின்று, நிபந்தனையை ராகம் போட்டுப் படித்தாள். நான் கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு படுத்தேன்.