மாயவன் போட்ட ஜாயிண்ட்

மாயவனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. சாயங்காலம் அவன் மகள் வினோதினி டிவியில் கபடி ஃபைனல் ஆடப்போகிறாள். பாழாய்ப்போன டிவியோ நேற்று அடித்த காற்றுக்குப் பிறகு கட்டம் கட்டமாகத்தான் காட்டுகிறது.

மாடிக்கு ஏறினான். பொதுச்சுவர் ஓரமாக இரண்டு டிஷ். ஒன்று இவனுடையது, மற்றது பக்கத்து வீட்டு விஜயகுமாருடையது. போன மழையில் அவன் மாடித் தண்ணீர் இவன் வாசலில் விழுந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. இரண்டு கருப்பு ஒயர்களும் ஒன்றாகவே கீழே இறங்கின. அதில் ஒன்று அறுந்து, செம்பு பச்சை பிடித்துக் கிடந்தது.

"அறுத்துட்டான் பாரு, படுபாவி."

அவன் வேலை பார்க்கும் உப்பளத்தில் எது பிய்ந்தாலும் உப்புப் பையைக் கிழித்துக் கட்டுவதுதான் வழக்கம். இவனும் ஒயரை முறுக்கி, பழைய உப்புப் பையைக் கிழித்து இறுக்கிக் கட்டினான். ஒன்றும் மாறவில்லை என்று கீழேயிருந்து மனைவி திரௌபதி சொன்னாள். கட்டிய இடத்தைத் தொட்டால் ஒரே ஈரம். பையில் ஒட்டியிருந்த உப்பு, காற்றிலிருந்த ஈரத்தையெல்லாம் இழுத்துவிட்டது. இத்தனை வருஷம் உப்பு வாரியும் இது தோணலையே என்று தன்னையே திட்டிக்கொண்டான். அந்தத் திட்டும் கடைசியில் விஜயகுமாருக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

பச்சை பிடித்த இடத்தை வெட்டி எறிந்ததும் ஒயர் எட்டவில்லை. பக்கத்திலேயே விஜயகுமார் ஒயர், புதுசு மாதிரி. "என்னுதை அறுத்தா நான் சும்மா இருப்பனா?" என்று அதில் ஒரு முழம் வெட்டியெடுத்தான். அப்போதுதான் மனசு கொஞ்சம் ஆறியது.

கடைக்கு ஓடி கனெக்டரும் ரப்பர் டேப்பும் வாங்கிவந்தான். கனெக்டர்களை மாட்டி, ரப்பர் டேப்பை நன்றாக இழுத்துக் கீழிருந்து மேலாகச் சுற்றினான். அதன்மேல் கருப்பு டேப். மழைத்தண்ணீர் ஜாயிண்டுக்குள் இறங்காமல் சொட்டிப்போகட்டும் என்று ஒயரைக் கொஞ்சம் தொங்கலாகவும் விட்டான். இனி புயலே வந்தாலும் அசையாது.

"இப்ப வருதா?"

"இருந்த கட்டமும் போச்சு. மேட்ச் வேற ஆரம்பிச்சிருக்கும்," என்றாள் திரௌபதி.

மாயவன் கட்டிங் பிளேயரை விட்டெறிந்தான். பெற்ற பெண் ஆடுவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. இன்னைக்கு விஜயகுமாரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்று கத்திக்கொண்டே படி இறங்கினான்.

வாசலில் விஜயகுமாரின் மனைவி மேரிசெல்வி நின்றிருந்தாள்.

"அண்ணே, ரெண்டு மாசமா அறுந்து கெடந்த எங்க ஒயரைச் சண்டையெல்லாம் மறந்து நீங்களே ஒட்டிக் குடுத்துட்டீங்க, டிவி பளிச்சுன்னு வருது, உங்க வினோதினிதான் ரெய்டு போவுது, சீக்கிரம் வாங்க, அவரு உங்களுக்குச் சேர் போட்டு வச்சிருக்காரு."