கொடுமுடிக்காரர்கள் கண்ணைக் கேட்ட கதை

கணபதி, கோயமுத்தூர்.
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்.

அன்புள்ள தம்பி கௌதமனுக்கு உன் அக்கா மயிலாத்தாள் எழுதிக்கொண்டது. கிணத்துக்கடவில் நீயும் உன் மனைவி பொற்கொடியும் உன் தென்னை மரங்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அவ்வண்ணமே என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் தலைமையாசிரியையாக இருந்து, பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளை இம்போசிஷன் எழுத வைத்த கை, எழுத மாட்டேன் என்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நான் வாயைத் திறந்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. வாட்ஸப்பில் அனுப்பினால் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு நழுவிவிடுகிறாய். ஸ்பீடு போஸ்ட் என்றால் கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். உட்கார்ந்து முழுசாகப் படி.

விஷயம், எங்கள் மகள் இனியாவுக்கு நீ கொண்டுவந்த கொடுமுடிச் சம்பந்தம். "தங்கமான குடும்பம்க்கா, ஒண்ணுமே கேக்க மாட்டாங்க" என்றாய். நீ சொன்னது வாஸ்தவம். நகை கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. கண்ணைத்தான் கேட்டார்கள். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று நீ சமையற்கட்டில் கேசரியோடு முக்கியமான வேலையில் இருந்ததால் கூடத்தில் நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. பையனின் அம்மா சின்னாத்தாள் இனியாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மணி, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் கழட்டு கண்ணு, மூஞ்சி தெரியோணுமில்ல" என்றார். "கழட்டுனா உங்க மூஞ்சி எனக்குத் தெரியாதுங்களே" என்றாள் இவள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. கண்ணில் பவர் மைனஸ் ஏழு. கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு மனிதர்கள் எல்லோரும் துணிமூட்டைகள். கழற்றி வைத்துவிட்டுக் காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் போனவள், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மூட்டைக்கு முதல் டம்ளரைக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து, "பெங்களூர்ல எந்த ஏரியாங்க?" என்று கேட்டாள். "பெங்களூருக்கு எப்பவாச்சும் சவாரி போறதுங்க, நமக்கு ஈரோடு பக்கமுங்க" என்றது மூட்டை. "சமைக்கத் தெரியுங்களா?" "ஊட்ல நாந்தானுங்க சமையல். சம்சாரத்துக்கு முதுகு வலிங்க." இனியாவின் முகம் மலர்ந்து, சம்சாரம் என்ற இடத்தில் சுருங்கியது. அந்த மனிதர் பாவம், தண்ணீர் குடிக்க உள்ளே வந்த அவர்கள் கார் டிரைவர். பெங்களூரில் வேலை பார்க்கிற மாப்பிள்ளைப் பையன் யஷ்வந்தோ அடுத்த சோபாவில் செல்போனை நோண்டிக்கொண்டு, தலையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குள்ளே, ஃபேனுக்குக் கீழே, தொப்பி! அதைக் கழட்டச் சொல்ல நம் பக்கத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் அல்லவா.

மறுநாள் நீ போன் செய்தாய். அன்றைக்கு உனக்கு சிக்னல் பிரமாதமாக இருந்தது. "லேசர் வெச்சுக் கண்ணாடிய எடுத்துப்போட்டா முடிச்சுக்கலாம்ங்கறாங்கக்கா. பத்தே நிமிஷம், முடி வெட்டறாப்பல." ஒரு பல்லைப் பிடுங்குவதற்கு ஊரிலிருந்து ஒரு வேன் ஆளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவன் நீ. உன் மருமகள் கண் என்றால் முடி வெட்டுகிற மாதிரி! நம் அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் காட்டில் களை வெட்டி நம்மைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். நம் குடும்பத்திலேயே கண்ணாடி போடுகிற அளவுக்குப் படித்த முதல் ஆள் இனியாதான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள். இவர்களுக்கோ படித்த பெண் வேண்டும், சரவணம்பட்டி ஐடி கம்பெனிச் சம்பளம் வேண்டும், ஆனால் படித்த அடையாளம் மட்டும் முகத்தில் இருக்கக் கூடாது.

இதற்குள் என் வீட்டுக்காரர், உன் மாமா காளிச்சாமி, களத்தில் இறங்கிவிட்டார். அவர் அரசு பஸ் ஓட்டிய காலத்தில் வருஷா வருஷம் டிப்போவில் கண் பரிசோதனை செய்துகொண்டவர் என்பதால், கண் சம்பந்தமாக உலகத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்பது அவர் கட்சி. "ஆப்பரேசனெல்லாம் எதுக்கு, நான் சரி பண்றேன்" என்று கேரட் மூட்டையோடு வந்தார். கேரட் பொரியல், கேரட் சாம்பார், கேரட் சட்னி, நடுவே மூச்சு விட்டால் பொன்னாங்கண்ணிக் கீரை. தினமும் காலையில் பெண்ணைக் கண்ணாடி இல்லாமல் வாசலில் நிறுத்தி, தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொன்னார். ஒரு நாள் அவள் தைரியமாக "அன்னூர்" என்றாள். இவர் குதித்தார். வந்தது தண்ணீர் லாரி. அன்றைக்குத்தான் "செரி, ஆசுபத்திரிக்கே போயிரலாம்" என்று இறங்கி வந்தார்.

அவிநாசி ரோட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். உள்ளே போனால் ஆஸ்பத்திரியா கல்யாண மண்டபமா என்று சந்தேகம் வரும்படி பன்னீர் வாசனை. ஒரு பெண் பளபளவென்ற அட்டையை நீட்டி, "சில்வர், கோல்டு, பிளாட்டினம்னு பேக்கேஜ் இருக்குதுங்க மேடம்" என்றாள். "கண்ணு ஒரே மாதிரி கண்ணுதானுங்களே" என்று கேட்டேன். அதற்குப் பதில் அட்டையில் இல்லை போலிருக்கிறது. பிறகு இனியாவை ஒவ்வொரு மிஷினாக உட்கார வைத்தார்கள். எதிலோ ஒரு பலூன் தெரிந்ததாம், எதிலோ ஒரு பச்சை வெளிச்சமாம். கடைசியாகக் கண் பாப்பாவை விரிய வைக்கிற சொட்டு மருந்து விட வேண்டும் என்று வரிசையாக நாற்காலிகளில் சாய வைத்தார்கள். உன் மாமா பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறதே என்று சாய்ந்தவர், அப்படியே தூங்கிப்போனார். நான் குடிக்கத் தண்ணீர் தேடிப் போய்த் திரும்புவதற்குள், வரிசையில் சாய்ந்த எல்லோருக்கும் விட்டுக்கொண்டே வந்த நர்ஸம்மா இவருக்கும் இமையைப் பிரித்து இரண்டு கண்ணிலும் விட்டுவிட்டார். அலறிக்கொண்டு எழுந்து, "என்னமோ கண்ணுல ஊத்திப்போட்டாங்க!" என்று கத்துகிறார். "அசையாதீங்க தாத்தா, இன்னொரு ரவுண்டு இருக்குது" என்கிறது அந்தப் பெண். மருந்து எரிந்ததைவிடத் தாத்தா என்றதுதான் இவருக்கு அதிகம் எரிந்தது.

டாக்டர் பெயர் உஸ்மா. சின்ன வயசு, நிதானமான பேச்சு. கோட்டைமேட்டுப் பெண்ணாம். "கருவிழி தடிமன் நல்லா இருக்குங்க, தாராளமா பண்ணலாம். ஆனா பண்ணியே ஆகணும்னு இல்லீங்க. கொஞ்ச நாளைக்குக் கண்ணு வறண்ட மாதிரி இருக்கும், ராத்திரியில லைட்டைச் சுத்தி வளையம் தெரியலாம், அபூர்வமா வேற சிக்கலும் வரலாம். வயசானா படிக்கறதுக்குக் கண்ணாடி போட வேண்டிவரும்" என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, "எதுக்காகப் பண்ணிக்கலாம்னு இருக்கறீங்க?" என்று கேட்டார். "கல்யாணத்துக்குங்க" என்றேன் நான். "கேரட் கேக்கலீங்க, அதுக்கு" என்றார் இவர். "நான் அவங்களைக் கேட்டேனுங்க" என்றார் டாக்டர். "இத இதுவரைக்கும் யாரும் எங்கிட்டக் கேக்கலீங்க டாக்டர். அதனால நானும் யோசிக்கல" என்றாள் இனியா. தம்பி, நானும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. "அப்ப யோசிச்சுட்டு வாங்க. மிஷின் எங்கயும் ஓடிப் போயிராது" என்று அனுப்பிவைத்தார் டாக்டர்.

வெளியே வந்தால் மொட்டை வெயில். அப்பனும் மகளும் ஆஸ்பத்திரி கொடுத்த கறுப்பு அட்டைக் கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு, கண் கூசித் தள்ளாடுகிறார்கள். இந்தக் கையில் ஒருவர், அந்தக் கையில் ஒருவர் என்று பிடித்துக்கொண்டு அவிநாசி ரோட்டைக் கடக்கப் பார்த்தேன். டிராபிக் போலீஸ்காரர் எங்களைப் பார்த்துப் பதறிப்போய் மொத்த ரோட்டையும் நிறுத்திவிட்டார். டிரைவர் வேலையில் இருந்தவரை ஒரு போலீஸ்காரரைக்கூட மதிக்காத உன் மாமா, நெகிழ்ந்துபோய் ஒரு விளக்குக் கம்பத்துக்குச் சல்யூட் வைத்தார். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. திரையில் பெயர் தெரியவில்லை. நீதான் என்று நினைத்துக்கொண்டு எதையோ அழுத்த, அது ஸ்பீக்கரில் போய்விட்டது.

"மாப்ள, நல்ல நேரத்துல கூப்ட்ட. என்ற புள்ள கண்ணுல கை வெக்கச் சொல்றதுக்கு அந்தக் கொடுமுடிக்காரம்மா யாரு? கண்ணாடியக் கழட்டுன்னாங்களே, நாம அந்தப் பையனத் தொப்பியக் கழட்டுன்னமா? உள்ள என்ன இருக்குதோ, ஒண்ணுமே இல்லியோ! அந்தம்மா சிரிச்சா எனக்கு ஓட்டை சைலன்சர் ஞாபகம் வருது மாப்ள!"

அந்தப் பக்கத்திலிருந்து, "நான் யஷ்வந்த் அம்மா பேசறனுங்க."

"ஓ. சொல்லுங்க. நல்லாருக்கீங்களா?"

"இருக்கறனுங்க. நீங்க சொன்னதெல்லாம் கேட்டுச்சுங்க."

"கேட்டுச்சுங்களா? அப்பச் செரிங்க."

"உங்களுக்குக் கொஞ்சமாச்சும் மரியாதை இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"வெச்சர்றனுங்க."

"வெய்யுங்க."

செருப்பால் அடித்தாலும் ஒரு 'ங்க' போட்டு அடிக்கிற ஊர் நம்முடையது. இனியா நடு ரோட்டில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து வழிந்தது மருந்தா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தச் சம்பந்தப் பேச்சு ஆரம்பித்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு நேற்று நீ எனக்கு என்ன செய்தி அனுப்பினாய்? "அவங்க பெருந்தன்மையா மன்னிச்சுட்டாங்க, ஆபரேசன மட்டும் சீக்கிரம் முடிச்சிருங்க." மன்னித்துவிட்டார்களா! அவர்கள் மன்னிப்பை மடித்து அந்தத் தொப்பிக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல். என் தீர்மானத்தைக் கேட்டுக்கொள். என் மகள் கண்ணில் எந்த லேசரும் படப்போவதில்லை. கண்ணாடியோடு பிடித்தவன் வரட்டும், வராவிட்டால் போகட்டும். நீயே கொடுமுடிக்குப் போய், அவர்கள் வீட்டுக் கூடத்தில் நின்று, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டு வா. கேசரி கொடுத்தால் சாப்பிடாதே.

பொற்கொடியை நான் ரொம்ப விசாரித்ததாகச் சொல். எந்தக் கோபத்திலும் உன்னை வாழ்த்தாமல் முடிக்க எனக்கு மனசு வராது. உன் தென்னைகள் நிறையக் காய்க்கட்டும், உன் வாய் கொஞ்சம் குறையட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
மயிலாத்தாள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது இனியா வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "அம்மா, நான் யோசிச்சுட்டேன். ஆபரேஷன் பண்ணிக்கறேன்" என்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருக்காகடி?" என்றேன். "காலைல கண்ணைத் தொறந்தா மேல சுத்தற ஃபேன் தெரியோணும்மா. மழைல ஸ்கூட்டர் ஓட்டோணும். அவ்வளவுதான்" என்கிறாள். டாக்டர் உஸ்மாவிடம் நாளும் குறித்து வாங்கிவிட்டாள். மாப்பிள்ளை விஷயம் என்னடி என்றால், "ஃபேன் மட்டும் போதும்" என்கிறாள். ஆகையால் மேலே ஆபரேஷன் கிடையாது என்று எழுதியிருப்பதை எல்லாம் அடித்துவிடு. சம்பந்தம் கிடையாது என்று எழுதியிருப்பதை எல்லாம் அடிக்கோடிட்டுக்கொள். இதில் ஒரு பெரிய சிக்கல். அடுத்த மாதம் உன் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அந்தச் சின்னாத்தாளையும் அழைத்திருக்கிறாயாமே. இனியாவின் வெறும் முகத்தைப் பார்த்தால், தன் பேச்சைக் கேட்டுத்தான் செய்துகொண்டாள் என்று அந்த அம்மாள் ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கும். அது மட்டும் நடக்கவே கூடாது. பவர் இல்லாத சாதாக் கண்ணாடி ஒன்று, நல்ல தடியான ஃபிரேமாக வாங்க உன் மாமா காந்திபுரம் கிளம்பிவிட்டார். இவள் மாட்டவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். நீ தாய்மாமன், நீ சொன்னால் கேட்பாள். பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால்தான் லட்சணம் என்று கொஞ்சம் எடுத்துச் சொல்.