புல்லுக்குப் பூட்டு

நம் நாட்டில் பத்திரசாமிகள் என்று ஓர் இனம் உண்டு. கோயில் கட்டிக் கும்பிடுகிற சாமி இல்லை. வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் நம்மோடு உட்கார்ந்து காபி குடிக்கிற சாமி. எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் ‘பத்திரமா இருக்கட்டும்’ என்று எடுத்து வைத்து, ஒருநாளும் உபயோகப்படுத்தாமலே அதைக் கிழடாக்குவதுதான் இவர்கள் தொழில். புது மிக்சி அட்டைப்பெட்டிக்குள் பரணில் தூங்கும். கீழே பழைய மிக்சி, மூடியை ஒருவர் அழுத்திப் பிடித்தால்தான் சுற்றும். டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போடுவார்கள், உறை மங்கி எண்கள் மறைந்ததும் குத்துமதிப்பாக அழுத்துவார்கள், செய்தி கேட்க உட்கார்ந்து சமையல் பார்த்துவிட்டு எழுந்திருப்பார்கள். மோட்டார் சைக்கிள் சீட்டின்மேல் கம்பெனிக்காரன் ஒட்டியனுப்பிய பாலிதீனைக் கிழிக்கவே மாட்டார்கள். வெயிலில் தொடை வேகும். வேகட்டுமே, சீட்டு புதுசாக இருக்கிறதா இல்லையா?

இதெல்லாம் நீங்கள் பார்த்ததுதான். மண்ணில் முளைத்த புல்லைப் பத்திரப்படுத்தியவரைப் பார்த்திருக்கிறீர்களா?

கவரைப்பேட்டைப் பக்கத்து ராஜமாணிக்கத்தைப் பார்த்திருந்தால், பார்த்திருப்பீர்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்து, அதே ஸ்டோரில் ஓய்வு பெற்றவர். ஊரே ‘ஸ்டோர்ணா’ என்றுதான் கூப்பிடும். ஸ்டோர் என்பது சாமான் கொடுக்கிற இடம் என்று கம்பெனியில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒருவர்தான் அது சாமான் இருக்கிற இடம் என்று நினைத்தார். ஒரு போல்ட்டு கேட்டு யாராவது வந்துவிட்டால், சொந்தக் கிட்னியைக் கேட்டதுபோல அவர் முகம் போகும்.

அவருடைய மனைவி ஜோதிலட்சுமியிடம் ஒரு பசுமாடு இருந்தது. வர்தா புயலன்று பிறந்ததால் அதன் பெயரும் வர்தா. சுபாவமும் கிட்டத்தட்ட அப்படித்தான். சுற்றியிருந்த கழனிகள் ஒவ்வொன்றாகக் கம்பெனிக் குடோனாகிவிட, வைக்கோலுக்கு அந்த அம்மாள் அலையாத இடமில்லை. ‘வீட்டுப் பின்னாடி நிலம் சும்மாத்தானே கிடக்கிறது, புல்லாவது போடுங்கள்’ என்று ஓய்வு பெற்ற மறுநாளே கணவரிடம் சொல்லிவிட்டாள். ராஜமாணிக்கமும் உற்சாகமாகக் கிளம்பி, பொதட்டூர்பேட்டையில் ஒரு தெரிந்தவர் தோட்டத்திலிருந்து கம்பு நேப்பியர் புல்லின் கரணைகளைக் கொண்டுவந்தார். கரணை என்றால் கரும்புபோலக் கணுவோடு வெட்டிய துண்டு. அதை மண்ணில் ஊன்றினால் முளைக்கும். வளர்ந்ததும் அடியோடு அறுத்து மாட்டுக்குப் போட்டால் மறுபடி தழையும். ஒரு தடவை நட்டால் வருஷக்கணக்கில் இப்படியே அறுத்துக்கொண்டிருக்கலாம். கொடுத்தவர் இதையெல்லாம் விளக்கமாகத்தான் சொல்லியனுப்பினார். ‘அறுத்து’ என்ற சொல் மட்டும் ராஜமாணிக்கத்தின் காதில் விழவில்லை.

நடவில் ஒரு குறை சொல்ல முடியாது. எருவடித்தார், மண்ணை அணைத்துப் பார் பிடித்தார், கயிறு கட்டி வரிசை பார்த்து ஊன்றினார், தண்ணீர் பாய்ச்சினார், களையை வேரோடு பிடுங்கினார். புல்லும் நன்றி காட்டியது. முழங்கால், இடுப்பு, மார்பு என்று அது ஏற ஏற, வாழ்நாளில் கண்டிராத ஓர் அதிசயத்தை அவர் கண்டார். வெளியிலிருந்து சாமான் வராமலே ஸ்டாக்கு தானாக ஏறுகிறது! ஒரு ஸ்டோர்காரனுக்கு இதைவிடச் சொர்க்கம் எது?

முதல் அறுப்புக்குப் பதம் வந்ததும் ஜோதிலட்சுமி அரிவாளோடு போனாள். வேர் பிடிக்கட்டும் என்றார். அடுத்த வாரம் போனாள். அஷ்டமி என்றார். அதற்கடுத்து, வெயில் தணியட்டும் என்றார். தணிந்ததும், மழையில் அறுத்தால் அழுகிவிடும் என்றார். அப்புறம் ஒருநாள் அவள் போனபோது புல்லைச் சுற்றிக் கம்பிவேலி நின்றது. வேலிக்கு ஒரு கேட்டு, கேட்டுக்கு ஒரு பூட்டு, சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில்.

நிலைமையை யோசித்துப் பாருங்கள். வீட்டுப் பின்னால் ஆளுயரப் புல். வீட்டுக்காரியோ, கன்று போட்ட மாட்டை வைத்துக்கொண்டு, கம்பெனி மதில் ஓரங்களிலும் ஏரிக்கரையிலும் கோரையும் அருகும் அறுத்து, கட்டைத் தலையில் சுமந்து, அந்தப் புல்லைத் தாண்டித்தான் வீட்டுக்கு வருவாள். வர்தாவைக் கட்டியிருந்த இடத்திலிருந்து பார்த்தால் வேலி நன்றாகத் தெரியும். நாள் முழுக்க அது அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கும். பால் குறைந்தது. கன்றுக்கும் போதவில்லை, வாடிக்கைக்கும் போதவில்லை.

ராஜமாணிக்கம் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாள் மனம் இளகி, தாமே உள்ளே போய், ஓரமாக ஒடிந்து கிடந்த தாள்களாகப் பொறுக்கி, ஒரு தாம்பாளத்தில் கொண்டுவந்து வர்தாவுக்கு முன்னால் வைத்தார். வர்தா ஒரே நக்கில் அத்தனையையும் முடித்துவிட்டுத் தாம்பாளத்தையும் கடித்தது. ‘இதுக்குக் கொடுத்தா கட்டுப்படியாகாது’ என்று சொல்லிப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் புல்லைக் காட்டாமல் அனுப்ப மாட்டார். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கம்பெனியில் ஃபிட்டராக இருந்த சின்னதுரையும் அவர் மனைவி விக்டோரியாவும் கோயில் முடித்து வந்தார்கள். புல் அப்போது கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. உச்சியில் பூங்கதிர்கூட விட்டிருந்தது. காற்றடித்தால் மூங்கில் தோப்புபோலக் கடகடவென்று சத்தம் கேட்கும். ராஜமாணிக்கம் வேலிக்கு வெளியே நின்றபடியே விளக்கிக்கொண்டிருந்தார்.

ஜோதிலட்சுமி கொட்டிலுக்குப் போய் வர்தாவை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்து கேட்டுக்கு முன்னால் நின்றாள்.

“பூட்டத் தொறங்க.”

“விருந்தாளி வந்துக்கீற நேரத்துல இன்னா இது?”

“அவங்களே பாக்கட்டும். மாடு துன்னா நான் அறுத்துக்கறேன். துன்னலனா நீங்களே வெச்சிக்கங்க, இனிமே கேக்க மாட்டேன்.”

விருந்தாளிகள் முன்னால் என்ன செய்வது? வேட்டியை விலக்கிச் சாவியை எடுத்துத் திறந்தார். வர்தா உள்ளே போனபோது, பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அன்றுகூட இவ்வளவு கலங்கியதில்லை என்று அவருக்குத் தோன்றியது.

வர்தா முதல் தூரை முகர்ந்தது. ஒரு தண்டைக் கடித்தது. மென்று பார்த்தது, பிறகு வாயைக் கோணிக்கொண்டு கீழே போட்டது. அடுத்த தூருக்குப் போய் அதையும் முகர்ந்து பெருமூச்சு விட்டது. அப்புறம் நிதானமாகத் திரும்பி வெளியே வந்து, விக்டோரியா கையிலிருந்த மஞ்சள்பையின் காதைத் தின்ன ஆரம்பித்தது.

ராஜமாணிக்கத்துக்கு உலகமே நின்றுவிட்டது. மாடு தின்றுவிடுமோ என்று இத்தனை மாதம் பயந்தவர் அவர். தின்னாமல் போகும் என்று கனவிலும் நினைக்கவில்லை. கயிற்றைப் பிடித்து மாட்டை உள்ளே இழுத்தார். கழுத்தைத் தடவினார்.

“சாப்புடும்மா. நல்லா இருக்கும். கண்ணு இல்ல, ஒரு வாய் சாப்புடு.”

கண்ணு சாப்பிடவில்லை. எப்படிச் சாப்பிடுவது என்று காட்டுவதற்காக அவரே ஒரு தண்டை ஒடித்துக் கடித்தார். ஒடிக்கவே இரண்டு கையும் ஒரு முழங்காலும் வேண்டியிருந்தது. கடித்ததில் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிவிட்டது.

சின்னதுரை தொண்டையைச் செருமினார். “ஸ்டோர்ணா, தப்பா எடுத்துக்காத. நீ ரிட்டையர் ஆனதும் உன் ஸ்டோர தொறந்தாங்க. கிளவுஸே இல்லனு நாங்க கோணி சுத்திக்கினு வேல செஞ்சோம் பாரு, அலமாரி முழுக்க கிளவுசு. எடுத்தா பொடிப்பொடியா ஒதிருது. ஒண்ணுகூட கைல மாட்ட முடியல.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதனால்தான் உறைத்தது.

ராஜமாணிக்கம் சாவியை மனைவி கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் போய்த் துண்டால் முகத்தை மூடிப் படுத்துக்கொண்டார். சின்னதுரையும் ஜோதிலட்சுமியும் சேர்ந்து அடியோடு அறுக்கிற சத்தத்தைக் கேட்டபடியே கிடந்தார். முற்றிய தண்டெல்லாம் வேலிக்கும் விறகுக்கும் போயிற்று. மொட்டைத் தரையைப் பார்க்க மாட்டேன் என்று மறுநாள் பின்பக்கமே போகவில்லை. நாலைந்து நாள் கழித்து, கால் கழுவப் போனவர் ஓரக்கண்ணால் பார்த்தார். ஒவ்வொரு தூரிலும் கொத்துக்கொத்தாகக் குருத்து. முன்பு ஒன்று இருந்த இடத்தில் ஏழெட்டு. குனிந்து தொட்டுப் பார்த்தார், இரண்டு மூன்று தடவை தொட்டுப் பார்த்தார். கொடுக்கக் கொடுக்க ஏறுகிற ஸ்டாக்கும் உலகத்தில் உண்டு என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவர் மாறிவிட்டார். பதம் வந்ததும் அவரே அறுக்கிறார். வர்தாவுக்குப் பால் கூடிவிட்டது. அக்கம்பக்கத்தில் யார் கரணை கேட்டாலும் கட்டுக்கட்டாகக் கொடுக்கிறார். கேட்காதவர்களையும் துரத்திக் கொடுக்கிறார். செவ்வாப்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட மகள் நர்மதா இதைக் கேள்விப்பட்டுப் பூரித்துப்போய், புல் நறுக்குகிற மெஷின் ஒன்று வாங்கி அனுப்பினாள்.

மெஷின் கூடத்தில், வந்த பாலிதீனோடு, ஒரு குங்குமப் பொட்டோடு நிற்கிறது. ராஜமாணிக்கம் வெளியே உட்கார்ந்து பழைய அரிவாளால் நறுக்குகிறார். கேட்டால், “புது மெஷினு. பிளேடு மழுங்கிடும், பத்திரமா இருக்கட்டும்” என்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தப் புத்தகத்தை ஏன் பாதிதான் விரித்துப் பிடித்திருக்கிறீர்கள், முதுகு மடிந்துவிடுமோ என்றா?