வலது பக்க வயிற்றுவலி

சூரியன் உதிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, ஆசிரியர்கள் அனைவரும் நூற்றுக்கு நூறு பயிற்சி பெற்ற ஒரே நாடு மந்தார நாடுதான். சந்தேகம் உள்ளவர்கள் அந்நாட்டின் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போய்ப் பார்க்கலாம். அங்கே ஓர் ஆசிரியரும் இருக்க மாட்டார். எல்லோரும் பயிற்சியில் இருப்பார்கள்.

இந்தப் பெருமை ஒரே நாளில் வந்துவிடவில்லை. மந்தார நாட்டு மக்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடித் தங்கள் மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். புதிய மன்னர் வந்ததும் பழைய மன்னரின் பயிற்சியை அடியோடு ஒழித்துவிட்டு, அதே பயிற்சிக்கு வேறு பெயர் வைப்பார். முந்தைய மன்னர் காலத்தில் அதன் பெயர் ‘வெளிச்சம்’. இப்போதைய மன்னர் காலத்தில் ‘அதிவெளிச்சம்’. மன்னர் மாறுவார், பெயர் மாறும், பதினொரு மணிக்குக் கொடுக்கும் வடை மட்டும் மாறாது. அது முந்தைய ஆட்சியில் சுட்ட வடையேதான் என்று சில மூத்த ஆசிரியர்கள் மென்றுகொண்டே சொல்வதுண்டு.

பயிற்சி எப்போதும் மழைக் கைதட்டலுடன் தொடங்கும். முதலில் ஒரு விரலால் தட்ட வேண்டும், தூறல். பிறகு இரு விரல், மூன்று விரல், முழுக் கை; அடைமழை. ஓய்வுபெற ஓராண்டே பாக்கியிருக்கும் தலைமையாசிரியர்கள்கூட முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இந்த மழையைப் பெய்வித்தார்கள். வெளியே மூன்று ஆண்டுகளாகப் பஞ்சம்.

மழை பெய்ததற்கு அத்தாட்சி வேண்டுமல்லவா? அதற்காக ஒவ்வொரு வட்டாரத்திலும் புறாக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ‘எங்கள் வட்டாரத்தில் இன்று’ என்று தலைப்பிட்டு, ஆசிரியர்கள் கைதட்டும் படத்தைப் புறாவின் காலில் கட்டித் தலைநகருக்கு விட வேண்டும். தலைநகரிலிருந்து ‘மகிழ்ச்சி’ என்று ஒரு புறா எல்லாப் பள்ளிகளுக்கும் வரும். அதற்கு எல்லாப் பள்ளிகளும் கைகூப்பிய படத்துடன் தனித்தனியே ஒரு புறா விட வேண்டும். கைகூப்பாத பள்ளியின் பெயர் மாலையில் குழுவில் பறக்கும். இதனால் மந்தார நாட்டின் பள்ளிக் கூரைகள் எல்லாம் வெள்ளை நிறமாயின. ‘பள்ளிகளுக்குச் சுண்ணாம்பு அடித்த அரசு’ என்று சாதனை மலரில் அது இடம்பெற்றது.

இத்தனைக்கும் காரணகர்த்தா கல்விப் பேரமைச்சர் வாகைமாறன். பேசுவதற்கென்றே பிறந்தவர்.

வகுப்பில் ஆசிரியர் இல்லையே என்று பெற்றோர் முணுமுணுத்தபோது, மதிய உணவு சமைக்கும் அம்மாளே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார் என்று ஆணையிட்டார். பார்த்துக்கொள்வதற்குப் பயிற்சி வேண்டுமே என்று சமையல் அம்மாள்களையும் பயிற்சிக்கு அனுப்பினார். சோறும் நின்றது. பாடநூல்கள் வரவில்லை, ஏனென்றால் அச்சகம் முழுவதும் பயிற்சிக் கையேடுகள் ஓடிக்கொண்டிருந்தன. பிள்ளைகளுக்குப் படிக்க வரவில்லை என்ற புகார் வந்தபோதுதான் பேரமைச்சர் தமது மிகச் சிறந்த ஆணையைப் பிறப்பித்தார்: பள்ளியைப் பார்க்க வருகிறவர் கேட்கும் கேள்விக்கு ஒரு பிள்ளை தடுமாறினாலும், அந்தப் பள்ளி மூடப்பட்டு, அதன் கட்டடம் பயிற்சிக் கூடமாக்கப்படும்.

இந்த நிலையில்தான் நாணற்குடி விவகாரம் வெளியே வந்தது.

நாணற்குடி ஆற்றின் அக்கரையில் இருக்கிற சிற்றூர். ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர், மங்கையர்க்கரசி. பிள்ளைகளுக்கு அரசி டீச்சர். அவருக்கு ஒரு விசித்திரமான நோய் இருந்தது. பயிற்சி நாள் அன்று மட்டும் வயிறு வலிக்கும். விடுப்புச் சொல்லிவிட்டு நேராகப் பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்துவார். பாடநூல் இல்லாததால், புறா கொண்டுவரும் சுற்றறிக்கைகளை வைத்தே வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். பிள்ளைகள் சரளமாக வாசித்தார்கள். பேச்சுதான் கொஞ்சம் மாறிப்போயிற்று.

பேரமைச்சர் இதை மாநாட்டு மேடையில் போட்டு உடைத்தார்.

“வயிற்றுவலி என்று விடுப்பு எடுக்கிறார். எடுத்துக்கொண்டு எங்கே போகிறார் தெரியுமா? வாய் கூசுகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்.”

அவையில் சலசலப்பு.

“வயிற்றுவலி என்பது கோழைகளின் கோட்டை. இந்த வாகைமாறனின் வயிறு இன்றுவரை வலித்ததில்லை. இனியும் வலிக்காது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரும்பலகைக்குப் பின்னால் ஒளிகிற பிழைப்பு எனக்கு வராது.”

ஆயிரம் ஆசிரியர்கள் மழைக் கைதட்டல் தட்டினார்கள்.

மறுநாளே, வயிற்றுவலிக்காரர்கள் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று தெரிவிக்க வேண்டும் என விதி வந்தது. இடது பக்கம் என்றால் வாயு. மூன்று நாள் விடுப்பு. வலது பக்கம் என்றால் ஆபத்தாக இருக்கலாம். அரண்மனை வைத்தியரே நேரில் வந்து பார்ப்பார். விதியின் விவரம் இன்னும் நாணற்குடிக்குப் பறந்துகொண்டிருந்ததால், எந்தப் பக்கம் என்று கேட்டபோது அரசி டீச்சர் வாய்க்கு வந்தபடி வலது என்று சொல்லிவிட்டார்.

வைத்தியர் வந்தபோது டீச்சர் கையில் சுண்ணாம்புக் கட்டியோடு நின்றிருந்தார்.

“இங்கே வலிக்கிறதா, அம்மணி?”

“நீங்க இந்த அமுக்கு அமுக்கினா யாருக்குத்தான் வலிக்காது?”

“பயிற்சிக்குப் போவதில் உமக்கு என்ன கஷ்டம்?”

“கஷ்டமெல்லாம் இல்லைங்க. வடைகூட நல்லாத்தான் இருக்கும். இந்த மாசானம் பயல் கடன் வாங்கிக் கழித்தல்ல நிக்கிறான். நான் போற அன்னிக்கெல்லாம் பழையபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கு. அவன் ஒருத்தன் தடுமாறினா ஸ்கூலை மூடிருவீங்க. நாளைக்கு நீங்க யாரும் வரப்போறதில்ல. நான்தான் இதுங்க மூஞ்சில முழிக்கணும்.”

வைத்தியர் குறிப்பில் ‘வயிறு நலம்’ என்று மட்டும் எழுதினார். அரசி டீச்சர் ‘நோயற்ற ஆசிரியர், குறைவற்ற வருகை’ என்ற சிறப்புப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்.

அவர் ஆற்றைக் கடந்த அன்று மாலை, பேரமைச்சரின் செயலர் சபாநடேசன் வெளுத்த முகத்தோடு வந்து நின்றார்.

“ஐயா, அண்டை நாட்டுத் தூதுக்குழு வருது. நம்ம பயிற்சியோட புகழைக் கேள்விப்பட்டு, வகுப்பறையப் பாக்கணும்னு ஆசைப்படுறாங்களாம்.”

“பார்க்கட்டும். நல்ல பள்ளியாகக் காட்டு.”

“நல்லது கெட்டதெல்லாம் அப்புறம்ங்க. பிள்ளைங்க வர்ற பள்ளி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. நாணற்குடி.”

“அந்த அம்மாளை உடனே திருப்பி அழை.”

“முடியாதுங்க. பயிற்சியின் நடுவில் எவரையும் விடுவித்தல் ராஜதுரோகம். உங்க கையெழுத்துதான்.”

“வேறு ஓர் ஆசிரியரை அனுப்பு.”

“எல்லாருமே நடுவுலதாங்க இருக்காங்க.”

பேரமைச்சர் நெடுநேரம் தாடியைத் தடவினார். பிறகு, ஒரு நாட்டின் மானம் காக்கத் தலைவன் எந்தத் தியாகத்துக்கும் தயாராக இருக்க வேண்டும் என்று அந்த அறையில் இருந்த ஒரே ஆளான சபாநடேசனுக்குச் சொற்பொழிவாற்றிவிட்டு, மறுநாள் காலை தாமே ஆசிரியராகப் படகேறினார்.

தூதுக்குழு விருந்துகளில் சிக்கித் தாமதமாயிற்று. பேரமைச்சர் நாணற்குடிப் பள்ளியில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் அவரையே பார்த்தார்கள். வேம்பு என்கிற ஐந்தாம் வகுப்புப் பெண் எழுந்தாள்.

“ஐயா, மேற்காண் பொருள் தொடர்பாக நான் வெளியே போகணும்.”

“எந்தப் பொருள்?”

“அத வாயால சொல்லக் கூடாதுங்க. இதனை மிக அவசரமெனக் கருதவும்.”

அவள் போய்த் திரும்பி வந்து, “செயல்முறை நிறைவுற்றது” என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தாள். பேரமைச்சருக்குத் தம் சொந்தக் குரலை ஒரு சிறுமியின் வாயிலிருந்து கேட்பது என்னவோ போல் இருந்தது.

“சார், நீங்க பாடம் எடுப்பீங்களா, இல்ல சும்மா பாத்துட்டுப் போற ஆளா?” என்றாள் அவள். “எடுக்கறதா இருந்தா மாசானத்துக்குக் கழித்தல் சொல்லிக் குடுங்க. அவனாலதான் எங்க ஸ்கூல் போகப்போவுது.”

மூன்றாம் வகுப்பு மாசானம் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பலகையில் நாற்பத்து மூன்றிலிருந்து பதினேழு போக வேண்டியிருந்தது. போகவில்லை.

“இதில் என்ன இருக்கிறது?” என்றார் பேரமைச்சர். “மூன்றில் ஏழு போகாது. பக்கத்து வீட்டு நாலிடம் போய் ஒரு பத்தைக் கடன் வாங்கு.”

“எப்ப திருப்பிக் குடுக்கணும்?”

“திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.”

“எங்கப்பா படகு ஓட்டுறாரு. கடன் வாங்கினா திருப்பிக் குடுக்கணும், இல்லாட்டி வாங்கவே கூடாதும்பாரு.”

கோளாறு அங்கேதான் இருந்தது. அரசி டீச்சர் இதைத்தான் மாதக்கணக்கில் அவிழ்த்துக்கொண்டிருந்தார். பாதி அவிழும்போதெல்லாம் பயிற்சி வந்தது. பேரமைச்சர் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாக நூலில் கட்டினார்.

“இதோ பார் தம்பி. உன் அப்பா தனி ஆள். அவர் திருப்பித்தான் கொடுக்க வேண்டும். ஓர் அரசு பக்கத்து நாட்டிடம் வாங்கினால் திருப்பிக் கொடுக்குமா? கொடுக்காது. நாலு மூன்றாகிவிடும், நம் மூன்று பதின்மூன்றாகிவிடும். நாம் பாட்டுக்குச் செலவு செய்துகொண்டே போகலாம்.”

மாசானம் யோசித்தான். “அப்ப இது திருட்டு இல்லியா?”

“இல்லை. கழித்தல்.”

அவன் ஒரு கட்டை அவிழ்த்தான். ஏழு கொட்டைகளையும் ஒரு முழுக் கட்டையும் ஒதுக்கினான். மீதியை எண்ணினான். இன்னொரு முறை எண்ணினான். பிறகு நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, பேரமைச்சர் தேர்தலில் மூன்று முறை வென்றவர், அப்படி யாரும் அவரைப் பார்த்ததில்லை.

“இருபத்தாறு,” என்றான் மாசானம்.

“இன்னொன்று போடட்டுமா?” என்று கேட்டது பேரமைச்சர்தான். மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. மறுநாள் அவர் தலைநகரிலிருந்து வந்த புறாக்களை வாசலிலேயே நிறுத்திப் பொரி போட்டுத் திருப்பி அனுப்பினார்.

மூன்றாம் நாள் தூதுக்குழு வந்தது. அதன் தலைவி, கண்ணாடி அணிந்த ஓர் அம்மையார், வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். வேம்பு ஒரு சுற்றறிக்கையை மூச்சுவிடாமல் வாசித்து, கடைசியில் ‘நகல் அனைவருக்கும்’ என்று முடித்தாள். அம்மையாரின் விரல் நேராக மாசானத்திடம் போய் நின்றது.

“அறுபத்து இரண்டில் முப்பத்தைந்து போனால்?”

சபாநடேசன் கண்ணை மூடிக்கொண்டார். பேரமைச்சர் கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டி இரண்டாக உடைந்தது.

“ரெண்டுல அஞ்சு போகாது,” என்றான் மாசானம். “பக்கத்து வீட்ல ஒரு பத்து வாங்கினேன். பன்னெண்டுல அஞ்சு போனா ஏழு. அவங்க கிட்ட இப்ப அஞ்சுதான் இருக்கு. அதுல மூணு போனா ரெண்டு. இருபத்தேழு. வாங்கின பத்தைத் திருப்பித் தர மாட்டேன். அரசாங்கமே தர்றதில்லன்னு எங்க சார் சொன்னாரு.”

கூரையில் புறா நடப்பது கேட்டது.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “எங்கள் நாட்டிலும் இதே முறைதான்,” என்றார். பிறகு சபாநடேசனிடம் திரும்பினார். “உங்கள் நாட்டில் நான் கண்ணால் கண்ட ஒரே ஆசிரியர் இவர். எத்தனை பயிற்சி பெற்றவர்?”

சபாநடேசன் பொய் சொல்லத் தெரியாதவரல்ல. ஆனால் எதிர்பாராத கேள்வி. “ஒண்ணுகூட இல்லீங்க,” என்றுவிட்டார்.

பள்ளி தப்பியது. பேரமைச்சர் மாட்டிக்கொண்டார். பயிற்சி பெறாமல் கரும்பலகை முன் நின்றவர் எவராயினும் உடனடியாகப் பயிற்சிக்கு அனுப்பப்பட வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. கையெழுத்து யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு நாள் கழித்து அவரை அழைத்துப் போகப் படகு வந்தது. அதே படகில் அரசி டீச்சரும் சான்றிதழோடு வந்து இறங்கினார். பள்ளி பள்ளியாகவே இருந்தது. உள்ளே பேரமைச்சர் தரையில் உட்கார்ந்திருந்தார், மடியில் புளியங்கொட்டை.

“மாசானத்துக்குக் கழித்தல் வந்திருச்சாமே,” என்றார் டீச்சர். பாராட்டுக்கு அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. “அஞ்சு வகுப்புக்கு நான் ஒருத்தி, முடியலைங்க. சின்னதுகளை நீங்க வச்சுக்கறீங்களா?”

பேரமைச்சர் பதில் சொல்வதற்குள் சபாநடேசன் குறுக்கே வந்தார். “ஐயா, கிளம்பணும். பத்து நாள் பயிற்சி. காலைல மழைக் கைதட்டல்ல நீங்க இருந்தாகணும்.”

“நாளைக்கு மாசானத்துக்கு வகுத்தல் ஆரம்பிக்கணும்,” என்றார் பேரமைச்சர். மேடைத் தமிழ் எங்கோ போயிருந்தது.

“சட்டம்ங்க.”

பேரமைச்சர் மாசானத்தைப் பார்த்தார். கரும்பலகையைப் பார்த்தார். பிறகு மெல்ல வயிற்றின் மேல் கையை வைத்தார்.

“சபாநடேசா, காலைலேர்ந்து எனக்கு லேசா வயித்த வலிக்குதுப்பா.”

சபாநடேசன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “எந்தப் பக்கம்னு கேட்டு எழுதணும்ங்க.”

கை வலது பக்கம் இருந்தது.

அரசி டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதியை எழுதத் தொடங்கினார். “பிள்ளைங்களா,” என்றார், திரும்பிப் பார்க்காமலே. “இடது கை எது? எல்லாரும் தூக்குங்க பாப்போம்.”

வகுப்பு முழுவதும் இடது கையைத் தூக்கிக் காட்டியது. மாசானம் எல்லோரையும்விட உயரமாகத் தூக்கினான்.

பேரமைச்சரின் கை, ஓசைப்படாமல், இடது பக்கம் நகர்ந்தது.