இருபத்து மூன்று கருவிகளும் ஒரு கதவும்

என்ன சுத்தியல் வாங்கலாம், எந்த ரம்பம் நீடித்து உழைக்கும் என்று பிரிக்பீல்ட்ஸில் பாதி வீடுகளுக்கு யோசனை சொன்னவன் நான். அவர்களில் எவரிடமும் சொல்லாத ஒரு சங்கதியை இப்போது சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வயது வரைக்கும் நான் ஓர் ஆணி அடித்ததில்லை.

அப்போது நான் ரயில்வே ஸ்டோரில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. கருவிகளின் பெயர், அளவு, எடை, எந்த அலமாரியில் எந்தத் தட்டு, எல்லாம் மனப்பாடம். அவற்றைத் தொடுவது மட்டும் பட்டறைக்காரர்களின் வேலை. மேசை ஆடுகிறது, கூரை ஒழுகுகிறது என்று யாராவது வந்தால் முதலில் கண்ணை மூடிக்கொள்வேன். (பார்ப்பவர்களுக்கு அது ஆழ்ந்த சிந்தனை. உள்ளே நான் கேட்லாக்கில் பக்கம் தேடிக்கொண்டிருப்பேன்.)

இந்தப் புகழ் ரயிலேறிக் கிள்ளானுக்கும் போய்விட்டது. அங்கே சாலை ஓவர்சியராக இருந்த ஒருவர் தம் மகள் மரகதத்துக்கு என்னைப் பார்த்திருந்தார். பெண் பார்க்கப் போவதற்கு ஒரு மாதம் முன்னால் என் அத்தானுக்கு அவர் எழுதிய கடிதத்தின் அடியில் ஒரு வேண்டுகோள்: “நம்முடையது பலகை வீடு. சில்லறை மராமத்து நிறைய. கைவசம் என்ன சாமான் வைத்துக்கொள்ளலாம் என்று தம்பியிடம் கேட்டு எழுதவும்.”

புத்தியுள்ளவன் ஒரு சுத்தியல், பெரிதும் சிறிதுமாக இரண்டு திருப்புளி, ஒரு குறடு என்று எழுதியிருப்பான். இன்றைக்கு யார் கேட்டாலும் நான் சொல்வது அவ்வளவுதான். அன்றைக்கு நாலு பக்கம் எழுதினேன். இருபத்து மூன்று கருவிகள். ‘ரசமட்டம் இல்லாத வீடு வீடாகாது’ என்று அதில் ஒரு வாக்கியம் இருந்ததாக எங்கள் வீட்டில் இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அக்காவும் அத்தானும் நானும் கிள்ளான் போய்ச் சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணிக்கு. நாலரைக்கு இராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் பெண் வெளியே வந்து வணங்க, அக்கா அவள் தலையில் பூ வைத்துவிட வேண்டும். மறுநாள் ஆடி பிறக்கிறது. அன்று தவறினால் ஒரு மாதத்துக்கு ஒன்றும் நடக்காது. அத்தானோ ஈப்போவிலிருந்து வந்த இன்னொரு ஜாதகத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். நான் மரகதத்தின் போட்டோவைப் பார்த்திருந்தேன். எனக்கு ஈப்போ வேண்டாம்.

கூடத்தில் உட்கார்ந்த உடனே முதல் அதிர்ச்சி. மூலையில் ஒரு பெரிய மரப்பெட்டி. உள்ளே எண்ணெய்த்தாள் கூடப் பிரிக்காமல் என் இருபத்து மூன்று கருவிகளும் படுத்திருந்தன.

“நீங்க எழுதுனதுல ஒண்ணு விடல தம்பி,” என்றார் ஓவர்சியர். “எது எதுக்குன்னுதான் தெரியல. நீங்க வந்து காட்டுவீங்கன்னு அப்படியே வச்சிருக்கேன்.”

நான் பெரிய மனிதத்தனமாகச் சிரித்து வைத்தேன்.

இரண்டாவது அதிர்ச்சி நாலேகாலுக்கு வந்தது. மரகதம் இருந்த அறையின் கதவைச் சாதாரண நாளில் முழுக்கச் சாத்துவதே இல்லையாம். மூன்று நாள் மழையில் பலகை உப்பியிருந்தது. அன்று பார்த்து, ஆண்கள் வந்துவிட்டார்களே என்று அவள் தாயார் அதை வெளியிலிருந்து பலங்கொண்ட மட்டும் இழுத்துச் சாத்திவிட்டார். இப்போது அது திறக்க மறுத்தது. சன்னலில் இரும்புக் கம்பி. பெண் உள்ளே, பூ வெளியே.

“துக்காங்கக் கூப்பிடலாம்னா ஞாயித்துக்கெழம, தச்சு வேலைக்கு ஒரு ஆளும் அம்பிடாது,” என்று கையைப் பிசைந்தார் ஓவர்சியர். பிறகு அவர் முகம் மலர்ந்தது. “தம்பி இருக்கையில நமக்கென்ன கவல.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேட்லாக் வரவில்லை.

முதலில் இழைப்புளியை எடுத்தேன். “மூடியிருக்கிற கதவுல எங்க தம்பி இழைக்கிறது,” என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார் ஓவர்சியர். வைத்துவிட்டேன். அடுத்து உளியை இடுக்கில் செருகிச் சுத்தியலால் ஓங்கி அடித்தேன். அடி என் கட்டைவிரலில் விழுந்தது. கண்ணீரோடு, “கீலைக் கழட்டிடலாம்,” என்றேன்.

“கீலு உள்பக்கம் இருக்கு தம்பி.”

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “அம்மா, கீல்ல இருக்கிற கம்பிய நான் அடிச்சுக் கழட்டிடறேன். சன்னல் வழியா ஒரு சுத்தியும் பெரிய ஆணியும் குடுங்க.”

“வாய மூடு மரகதம். மாப்பிள்ள வீட்டுக்காரங்க காதுல விழுது.”

இதற்குமேல் நான் சும்மா இருந்திருக்கலாம். தொழில் கௌரவம் விடவில்லை. “ஆணி சரிப்படாதுங்க,” என்று கதவைப் பார்த்து நேரடியாகவே பேசிவிட்டேன். “அதுக்குன்னு தனி உளி இருக்கு. பட்டியல்ல பதினேழாம் நம்பர்.”

“அது வேணாம். ஆணி போதும்,” என்றது கதவு.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டது எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை. பேசியது ஆணியைப் பற்றி.

தாயார் சன்னல் பக்கம் ஓடினார். உள்ளே டொக், டொக் என்று கேட்டது. ஒரு கம்பி தரையில் விழுந்தது. அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தம் சட்டைப் பையைத் தடவினார். நானும் ஏதாவது செய்வதாகத் தெரிய வேண்டுமே. ஒரு கையில் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு, தோளைக் கதவில் கொடுத்துத் தள்ளினேன்.

“தள்ளாதீங்க,” என்றாள் மரகதம். “ஒரு கம்பிதான் பாக்கி. தள்ளாதீங்க.”

கருவி விஷயத்தில் எனக்கு யோசனை சொன்னவர் அதுவரை யாரும் இல்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன்.

கதவும் நானும் சேர்ந்தே உள்ளே போனோம். அது கீழே, நான் மேலே. புழுதி அடங்கித் தலையை நிமிர்த்தியபோது என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இரண்டு பாதங்கள். மேலே பச்சைச் சேலை. அதற்கும் மேலே ஒரு கையில் சுத்தியல். பெண் என்னை வணங்க வேண்டிய இடத்தில், நான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து பெண்ணை வணங்கியிருந்தேன்.

என் கையிலிருந்து நழுவிய ரசமட்டம் கதவின்மேல் கிடந்தது. ஓவர்சியர் குனிந்து அதன் கண்ணாடிக்குள் இருந்த குமிழியை உற்றுப் பார்த்தார்.

“மட்டம் சரியா இருக்கு தம்பி,” என்றார்.

அக்கா என்னைத் தாண்டிப் போய்ப் பூ வைத்தாள். மணி நாலு இருபத்தாறு.

ஏன் சம்மதித்தாய் என்று பின்னாளில் மரகதத்திடம் கேட்டேன். “வேற ஆளுன்னா எந்திரிச்சதும் என்னத்தான் குத்தம் சொல்லியிருப்பாங்க. நீங்க கெடந்த வாக்குலயே, ‘அது எத்தன அங்குல ஆணி’ன்னு கேட்டீங்க,” என்றாள். (எனக்கு அப்படிக் கேட்டதாக நினைவே இல்லை. இருந்தாலும் மறுக்கவில்லை.)

அந்தக் கருவிப் பெட்டியின் சாவி கல்யாணம் ஆன நாள் முதல் அவளிடம். நான் பட்டியல் எழுதுகிறேன், அவள் கதவு, சன்னல், நாற்காலி எல்லாம் பார்த்துக்கொள்கிறாள். அந்த ஆணி மூன்று அங்குலம்.

போன மாதம் எங்கள் மூத்தவளைப் பெண் பார்க்க வந்தார்கள். காலையிலேயே மரகதம் அறைக் கதவைக் கழற்றிக் கொல்லைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரைச்சீலை மாட்டினாள். பிள்ளையின் தாயார் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏங்க, கதவு ரிப்பேரா?” என்று கேட்டார்.

“கதவு நல்லாத்தான் இருக்கு,” என்று மரகதம் என் பக்கம் கையைக் காட்டினாள். “அவரு தள்ளுவாரு.”