பப்புவா அண்ணையும் உறைந்துபோன அப்பன்மாரும்

ரொறொன்ரோவில் மற்றவர்களுடைய அப்பன்மாரைப் பப்புவா அண்ணையைப் போல நேசித்த மனிதர் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. அவருடைய சொந்தப் பெயர் மனைவிக்கும் வங்கிக்கும் மட்டுமே தெரியும். மல்வேர்னில் எங்களுக்கு அடுத்த வீடு. வேலை ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில். பப்புவா நியூகினியின் மலைகளுக்குள் ஒதுங்கி வாழும் ஆண்களின் இரத்தத்தில், தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் வை குறோமோசோமை ஆராய்வார்.

கலியாண வீட்டில் யாராவது அன்ரி, "தம்பி ஆற்றை மகன்? அப்பா ஆர்?" என்று கேட்டுவிட்டால் போதும், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"நானும் அதைத்தான் கேக்கிறன், அன்ரி. ஆயிரக்கணக்கான வருசத்துக்கு அங்காலை போய்க் கேக்கிறன். அந்த மலையளிலை ஒரு பள்ளத்தாக்கின்ரை பாசை அடுத்த பள்ளத்தாக்குக்கு விளங்காது. ஆனா இரத்தத்தைப் பாத்தா, கன பேருக்கு எங்கையோ ஒரே தகப்பன். அவனுக்கும் ஒரு பேர் இருந்திருக்கும், என்ன?"

அன்ரியின் கையில் ஐஸ்கிறீம் உருகி ஓடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மாரிகாலக் காலை, அவருடைய ஆய்வுகூடத்தில் மின்சாரம் போய்விட்டது. ஸ்காபறோவில் ஒரு நண்பரின் ஆய்வுகூடக் குளிர்ப்பெட்டியில் இடம் இருந்தது. என்னிடம் கார் இருந்தது. உறைய வைத்த இரத்தக் குப்பிகள் இருந்த பெட்டியை முன் சீற்றில் வைத்து பெல்ற் போட்டுவிட்டு, தான் பின்னால் ஏறிக்கொண்டார். நான் ஹீற்றரைப் போட்டேன்.

"நிப்பாட்டும் தம்பி, உருகிப்போகும். கண்ணாடியளை இறக்கும்."

"வெளியிலை மைனஸ் இருபது, அண்ணை."

"அதுதான் சொல்லுறன்."

நாலு கண்ணாடியும் திறந்தபடி 401 நெடுஞ்சாலையில் போனோம். பக்கத்தில் வந்த லொறிக்காரர் எங்களைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். என் மீசை விறைத்துவிட்டது.

"முகம் தெரியாத ஆக்களுக்காகச் சாகப்போறம், அண்ணை."

"இரத்தம் தந்த கிழவன்மாரிலை சிலபேர் இப்ப உயிரோடை இல்லை, தம்பி. திரும்பப் போய்க் கேக்கேலாது. அவையின்ரை அப்பன், அப்பனுக்கு அப்பன் எண்டு, கடல் தாண்டி, காடு தாண்டி, மலை ஏறி, ஒவ்வொருத்தனும் ஒரு மகனையாவது வளத்து விட்டிருக்கிறான். அவையின்ரை கதை என்ரை கையிலை அறக்கூடாது."

"உங்களுக்கு மூண்டும் பெட்டையள்தானே. உங்கடை வழி?"

பின்னால் சிரிப்புக் கேட்டது. "என்னோடை நிக்குது. கன தூரம் நடந்து வந்தது. இனி ஆறட்டும்."

ஒரு குப்பிகூட உருகவில்லை. புதிய குளிர்ப்பெட்டியின் கதவில் இரண்டு கைகளையும் வைத்தபடி அவர் நின்றார். புறுபுறுக்க வாய் திறந்த நானும் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என் அப்பாவின் அப்பாவுக்கு அப்பால் எனக்கு ஒரு பெயரும் தெரியாது. ஆனாலும் என் முதுகுக்குப் பின்னால் பெரிய சனக்கூட்டமே நிற்பது போல இருந்தது.

பிறகு எனக்கு மகன் பிறந்தான். ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர் பப்புவா அண்ணைதான். தாதி பிள்ளையைக் கொண்டு வந்ததும் கதிரையிலிருந்து எழும்பி நின்றார்.

"சின்னப் பிள்ளைக்கு ஏன் அண்ணை எழும்புறியள்?"

"வந்திருக்கிறவர் எவ்வளவு பழைய ஆள் எண்டு உமக்குத் தெரியாது" என்றார் மெதுவாக.

எனக்கும் அவருக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. என் மகன் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுகிறான்.