சாமி இறங்கும் இடம்

மக்கள் தெய்வத்தை நெருக்கமாக உணரும் இடங்களைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்குவது என்று மேலிடம் முடிவு செய்தது. சான்றிதழ் பெறாத இடங்கள் நகர அழகுபடுத்தலின்கீழ் அப்புறப்படுத்தப்படும். அங்கே தெய்வத்தை உணர்ந்துகொண்டிருந்தவர்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியது. இதற்கென்றே டெல்லி லோதி ரோட்டில் ஒரு பிரிவைத் திறந்து, அதற்குச் சந்திரமௌலி என்ற அதிகாரியைப் போட்டார்கள். அது அடியேன்தான். தெய்வத்தோடு எனக்கு அப்படியொன்றும் பழக்கமில்லை. ரிடையராக இரண்டு வருஷம் இருந்தது, அதுதான் தகுதி.

முதல் மனு நான் குடியிருக்கும் கிட்வாய் நகரிலிருந்தே வந்தது. மனுதாரர் செங்கம்மாள், குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். ரோட்டோர வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய கல் ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிடாமல் காப்பாற்ற வேண்டும் என்று யாரையோ பிடித்து எழுதவைத்துக் கேட்டிருந்தாள்.

விசாரணைக்கு என் உதவியாளன் கௌஷிக்கை அழைத்துக்கொண்டு போனேன். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் பேசுவான், புரிந்துகொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

“ஆண்ட்டி, இங்க காட் ஃபீலிங் எப்ப ஆகும்?” என்றான்.

செங்கம்மாள் என்னைப் பார்த்தாள். “தம்பிக்கு இன்னா வோணுமாம் சார்?”

“ஏம்மா, சாமி பக்கத்துல இருக்கற மாதிரி இங்க உனக்குத் தோணுமா?”

“தோணுறதென்ன சார்? செவ்வாக்கெழம தவறாம சாமி இங்கதான் எறங்கும்.”

“அச்சா” என்று கௌஷிக் எழுதிக்கொண்டான்.

“தெனம் ஆறு வூட்ல இந்தியிலயே திட்டு வாங்குறேன். மனசாரத் தமிழ்ல திருப்பித் திட்ட, இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கறது இந்த ஆத்தா ஒருத்திதான். எவ்ளோ திட்டுனாலும் கேட்டுக்கும். கல்லை எடுத்துடாதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு என்னவோ போலாகிவிட்டது. “ஆவன செய்யப்படும்” என்றேன். சர்க்காரில் இதைவிட உருக்கமான வார்த்தை கிடையாது.

மறுநாள் கௌஷிக் அறிக்கை கொடுத்தான். “ஸ்வாமி என்னும் நபர் செவ்வாய்தோறும் இவ்விடத்தில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்” என்று இந்தியில் எழுதியிருந்தான்.

“ஏம்ப்பா, சாமி எறங்கும்னா அருள் வரும்னு அர்த்தம். பஸ் எங்கேர்ந்து வந்தது?”

“எறங்கறதுன்னா கெட் டவுன்தானே சார்? அம்மா பஸ்ல சொல்வாங்களே, ‘ஜல்தி எறங்குடா’ன்னு?”

திருத்தியிருக்கலாம். ஆனால் பாவி, அறிக்கைக்கு எண் போட்டுவிட்டிருந்தான். எண் போட்ட தாளைத் திருத்த ஒரு குழு கூட வேண்டும். அந்தக் குழுவை அமைக்க வேறொரு குழு கூட வேண்டும். நமக்கெதற்கு வம்பு என்று கையெழுத்தைப் போட்டேன்.

கோப்பு மேலே போயிற்று. “யார் இந்த ஸ்வாமி?” என்று பெரிய அதிகாரி ஓரத்தில் எழுதினார். ஒருவருக்கும் தெரியவில்லை. தலைநகரில் ஒருவருக்கும் தெரியாதவர் என்றால் மிக மிக முக்கியமானவராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அப்பேர்ப்பட்டவர் வெறும் ரோட்டில் இறங்கலாமா? மூன்றே வாரத்தில் கூரை, பெஞ்சு, விளக்கு சகிதம் வேப்பமரத்தடியில் ஒரு பஸ் ஸ்டாப் எழுந்தது. ஸ்வாமிக்குக் கால் இடறிவிடக் கூடாது என்று அந்தக் கல்லைப் பெயர்த்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். லாரி எங்கே போனது என்பதற்குக் கோப்பில் குறிப்பில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை இறுதி அறிக்கைக்காகப் போனோம். செங்கம்மாள் புது சிமெண்டுத் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

“ஆண்ட்டி, ஸ்வாமி இன்னிக்கு வந்தாரா?” என்று கேட்டான் கௌஷிக்.

“எங்கருந்து வரும்? அதான் மலையேறிடுச்சே.”

“எந்த மலை? சிம்லாவா, முசோரியா?”

அவள் குனிந்து, கல் இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். கௌஷிக் இப்போது ஸ்வாமியைத் தேடி அரசுமுறைப் பயணமாக சிம்லா போயிருக்கிறான். அந்த உத்தரவிலும் என் கையெழுத்துதான்.

இதற்கிடையில் எங்கள் பழைய பஸ் ஸ்டாப்பை இடித்துவிட்டார்கள். புது ஸ்டாப்பில் நிற்க வேண்டும் என்ற உத்தரவு டிரைவர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. தினமும் காலையில் நாற்பது பேர் அங்கே காத்திருக்கிறோம். தூரத்தில் பஸ் தெரிந்ததும், “ஹே பகவான், ஆஜ் ரோக் தே” என்று ஒரு குரல், “முருகா, இன்னிக்காவது நிறுத்துப்பா” என்று ஒரு குரல். ஆபீசில் கைரேகை வைக்க நேரமாகிறதே என்று கண்ணில் தண்ணீர் விடுகிறவர்களும் உண்டு. போன வாரம் எங்கள் பிரிவின் ஆய்வுக் குழு வந்து இதைப் பார்த்துச் சொக்கிப்போயிற்று. “பொதுமக்கள் மனமுருகித் தெய்வத்தை அழைக்கும் இடம், முதல் தரம்” என்று சான்றிதழ் வழங்கிவிட்டார்கள்.

மனுதாரருக்கு நகல் தரவேண்டும் என்பது விதி. இன்று காலை அந்த வழியாக வந்த செங்கம்மாளை நிறுத்தி, நானே என் கையால் கொடுத்தேன்.

“எனக்குப் படிக்கத் தெரியாது. இன்னா போட்டிருக்கு?”

“இங்க சாமி இருக்குன்னு கவர்மெண்டே ஒத்துக்கிட்டது.”

அவள் எங்கள் நாற்பது பேரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

“இருந்தப்ப ஒத்துக்கலியே சார்” என்றாள்.

அதற்குள் பஸ் வந்தது. எல்லோரோடும் சேர்ந்து நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். நிற்காமல் போய்விட்டது.